மைக்குக்குப் பக்கத்தில் ஒரு மேசை

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் என்றாலே ஆகாது” என்ற புகாரைக் கேட்காத நாடு கிடையாது. புகாருக்குக் காரணமும் இருக்கிறது. பெரும்பாலான ஜனநாயக நாடுகளில் இருபதுகளில் இருப்பவர்களின் வாக்குப்பதிவு மூத்த தலைமுறையின் வாக்குப்பதிவைவிடக் குறைவு. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் 30 வயதுக்குக் கீழே இருக்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களில் அந்த வயதினர் 2.8 சதவீதம்தான் என்று நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2023இல் கணக்குச் சொன்னது.

ஆனால் ஆர்வமே இல்லாமல் இருப்பது வேறு, ஆர்வம் இருந்தும் காரியத்தில் இறங்காமல் இருப்பது வேறு. சன்ஷைன் ஹில்லிகஸ், ஜான் ஹோல்பைன் என்ற இரண்டு அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வாக்களிக்க வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் ஏராளம். பெயர் சேர்ப்பது, வீடு மாறினால் முகவரியைத் திருத்துவது, அன்றைக்கு வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குவது என்று சின்னச் சின்னத் தடைகளில் அந்த எண்ணம் கரைந்து போய்விடுகிறது. அதாவது, அவர்களுக்குப் பற்றாக்குறை அக்கறையில் இல்லை. அக்கறையிலிருந்து அடுத்த அடி எடுத்து வைப்பதில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நிகழ்த்துக் கவிதையைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்போக்கன் வேர்ட், ஸ்லாம், ஓப்பன் மைக் என்று பல பெயர்களில் நடக்கும் இந்த மேடைக் கவிதையை இளைஞர்களை அரசியலுக்கு இழுக்கும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்று தன்னார்வ அமைப்புகளும் பள்ளிகளும் சில இடங்களில் அரசுத் துறைகளுமே நம்புகின்றன. நம்பிக்கை தவறில்லை. ஆனால் பலர் அதைக் கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரைப் பூச்சு என்ற அளவில்தான் புரிந்துகொள்கிறார்கள்: சொல்ல வேண்டிய செய்தியை நாம் முடிவு செய்துவிட்டோம், பிள்ளைகள் உரையைக் கேட்க மாட்டார்கள், அதனால் எதுகை மோனையோடு சொல்லிவிடலாம் என்று. அப்படி நடத்தப்படும் நிகழ்ச்சிகளில் கைதட்டல் கிடைக்கும். வேறு எதுவும் கிடைப்பதில்லை.

முதலில் இந்த வடிவம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். கவிதையை வாய்விட்டுக் கூட்டத்துக்கு முன்னால் சொல்வது எழுத்தைவிடப் பழையது. இன்று ‘ஸ்லாம்’ என்று சொல்லப்படுவதற்கு மட்டும் தெளிவான ஒரு பிறப்பிடம் உண்டு. சிகாகோவில் கட்டுமான வேலை பார்த்துக்கொண்டிருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர், கவிதை வாசிப்புக் கூட்டங்கள் தூக்கம் வரவழைப்பதைப் பார்த்துச் சலித்து, 1986 ஜூலையில் கிரீன் மில் என்ற ஜாஸ் மதுவிடுதியில் வாராந்திரப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். விதிகள் எளிமையானவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம்தான். இசைக்கருவி, வேடம், பொருள் எதுவும் கூடாது. பார்வையாளர்களிலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவர்களாக உட்காரவைப்பார்கள். அவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டினால் வருவதுதான் முடிவு.

நடுவர்களுக்கு இலக்கியத் தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது நல்ல கவிதையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பேராசிரியரிடமிருந்து பிடுங்கப்பட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் கையில் கொடுக்கப்படுகிறது. இலக்கிய விமர்சகர் ஹரால்ட் புளூம் ஸ்லாமை ‘கலையின் மரணம்’ என்று சாடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இளைஞர்களுக்கு அது பிடித்துப்போனதற்கும் இதுவேதான் காரணம். சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கிய ‘யூத் ஸ்பீக்ஸ்’ அமைப்பு பதின்ம வயதினருக்கான ஸ்லாமை நடத்த ஆரம்பித்தது. 1998இல் அது தேசிய அளவிலான போட்டியாக வளர்ந்தது. சிகாகோவில் 2001இல் தொடங்கிய பள்ளி அணிகளுக்கான விழா, ஒரே நகரத்தில் இருந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத வட்டாரங்களின் பிள்ளைகளை ஒரே அரங்கில் உட்காரவைத்தது.

சரி, மூன்று நிமிடக் கவிதை ஒன்றைத் தயாரிக்கும்போது பதினேழு வயதுப் பிள்ளை என்னதான் கற்றுக்கொள்கிறது? கோபத்தை வாதமாக மாற்றக் கற்றுக்கொள்கிறது. “எங்கள் பக்கத்துக்குப் பேருந்தே வருவதில்லை” என்ற புலம்பலை முன்பின் தெரியாத இருநூறு பேர் அக்கறையோடு கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றால், யாருக்கு, எப்போது, என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லியாக வேண்டும். யார் முடிவெடுத்தார்கள் என்று விசாரித்தாக வேண்டும். நேரக் கட்டுப்பாட்டால் தேவையில்லாததை வெட்டியாக வேண்டும். எதிரே இருப்பவர் முகம் சுளித்தாலும் குரல் தளராமல் பேசியாக வேண்டும். உள்ளாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் எவருக்கும் தேவைப்படும் திறமைகள் இவையேதான். அரசியல் என்ற சொல்லையே உச்சரிக்காமல் அரசியல் பயிற்சி நடந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, மேடையேறாத நேரத்தில் நடப்பது. ஓர் இரவில் ஒருவர் பேசுவது மூன்று நிமிடம். மற்றவர்களைக் கேட்பது இரண்டு மணி நேரம். தனக்குப் பிடிக்காத கருத்தை, தன்னைப்போல் இல்லாத ஒருவரின் வாயிலிருந்து, குறுக்கே பேசாமல் கேட்டு முடிப்பது சமூக ஊடகங்களில் அநேகமாக யாரும் செய்யாத வேலை. ஸ்லாம் அரங்கில் அது விதி.

மொழியின் பங்கையும் சொல்ல வேண்டும். அரசியல் பெரும்பாலும் அலுவலக மொழியில்தான் நடக்கிறது. மனு, தீர்மானம், அரசாணை எல்லாமே யாரோ எழுதிவைத்த நடையில் இருப்பவை. வீட்டில் பேசும் பேச்சோடு அந்த அறைக்குள் நுழைபவர் பாதி தைரியத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார். மேடைக் கவிதை வீட்டுப் பேச்சுக்குக் கூட்டத்தில் மரியாதை வாங்கிக் கொடுக்கிறது. லண்டனில் 1970களில் லிண்டன் க்வேசி ஜான்சன் ஜமைக்கா மக்களின் பேச்சுமொழியிலேயே, ரெக்கே தாளத்தில், கவிதை சொல்லத் தொடங்கியபோது அது பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த மொழியைப் பேசிய கறுப்பின இளைஞர்களுக்கு, தங்கள் வாழ்க்கை பொதுவில் பேசத்தக்க விஷயம் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

ஜான்சனின் உதாரணத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்று சிறையிலிருக்கும் இளைஞன் தன் தாய்க்கு எழுதும் கடிதமாக அமைந்தது. அன்றைக்கு பிரிட்டிஷ் போலீஸால் 1824ஆம் ஆண்டின் அலைகுடிச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் பயன்படுத்தி, குற்றம் செய்யப்போகிறான் என்ற சந்தேகத்தின் பேரிலேயே யாரையும் கைதுசெய்ய முடிந்தது. பிடிபட்டவர்களில் கறுப்பின இளைஞர்கள் அளவுக்கு மீறி அதிகம். கவிதை பேசியது அந்த ஒரே ஒரு சட்டப் பிரிவைப் பற்றி. ‘அடக்குமுறை ஒழிக’ என்று பொதுவாக அது முழங்கவில்லை. அந்தப் பிரிவை நீக்கக் கோரும் இயக்கம் வெளியே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஜான்சனும் தனிக்கவிஞராக இல்லாமல், ‘ரேஸ் டுடே’ என்ற இதழைச் சுற்றி இயங்கிய அரசியல் குழுவில் வேலை செய்துகொண்டிருந்தார். 1981இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தச் சந்தேகக் கைது அதிகாரம் நீக்கப்பட்டது. கவிதையால்தான் சட்டம் மாறியது என்று சொன்னால் அது மிகை. கேட்டவர்கள் போய்ச் சேர ஓர் இயக்கமும், கேட்கத் தெளிவான ஒரு கோரிக்கையும் கவிதைக்குப் பக்கத்திலேயே இருந்தன. அதுதான் விஷயம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதை இன்னும் பளிச்சென்று பார்க்கலாம். ஆல்ஃபிரட் கபூலா டன்லப் டயர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஜூலு மக்களின் மரபில் ‘இசிபோங்கோ’ என்றொரு புகழ்ப்பாடல் வகை உண்டு. புலவர் தலைவனைப் புகழ்வார். இடையிடையே குத்தியும் காட்டுவார். 1980களில் கபூலா அந்த வடிவத்தை எடுத்து, தலைவனின் இடத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பை நிறுத்தினார். சங்கக் கூட்டங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு முன்னால் அதை நிகழ்த்தினார். நிறவெறி ஆட்சியில் வாக்குரிமையே இல்லாத மக்கள் அவர்கள். கவிதையைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்ட ஒருவர் அடுத்து என்ன செய்வது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததே சங்கக் கூட்டத்தில். உறுப்பினர் சீட்டு அங்கேயே இருந்தது, வாக்கெடுப்பு அங்கேயே நடந்தது, அடுத்த வேலைநிறுத்தம் அங்கேயே முடிவானது.

இந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்: இளைஞர் அரசியல் பங்கேற்புக்காகக் கவிதை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மைக்கைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு மைக்குக்குப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிப்பதில்லை. கவிதை ஓர் ஆளை எழுந்து நிற்கவைக்கும். நின்றவர் எங்கே நடப்பது? அந்த அரங்கிலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் மேசை இருக்கிறதா? அந்த வட்டாரத்தின் கவுன்சிலரோ அதிகாரியோ பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறாரா? அடுத்த பொதுக்கூட்டம் எப்போது, எங்கே என்று யாராவது சொல்கிறார்களா? இவை இல்லாத கவிதை இரவு நல்ல இரவாக இருக்கலாம். ஆனால் அது ஏற்படுத்தும் வேகம் இரண்டு நாளில் அடங்கிவிடும்.

நியூயார்க்கில் இந்த இணைப்பைத் திட்டமிட்டே செய்தார்கள். ‘அர்பன் வேர்ட்’ என்ற இளைஞர் கவிதை அமைப்பும், நகரத்தின் தேர்தல் நிதியையும் வாக்காளர் விழிப்புணர்வையும் கவனிக்கும் வாரியமும் சேர்ந்து ‘இளையோர் அரசவைக் கவிஞர்’ என்ற பதவியை உருவாக்கின. பட்டம் வாங்குபவர் கவிதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இளைஞர்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்யும் நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க வேண்டும். அந்த ஏற்பாடு மற்ற நகரங்களுக்கும் பரவி, 2017இல் தேசியப் பட்டமும் வந்தது. முதல் தேசியப் பட்டத்தை வாங்கியவர் அமண்டா கோர்மன். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவில் 22 வயதில் கவிதை சொல்லி உலகம் முழுக்கத் தெரிந்த முகமானார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது திடீரென்று முளைத்த அதிசயம்போல் இருந்தது. உண்மையில் அவருக்குப் பின்னால் நூலகங்களிலும் பள்ளி அறைகளிலும் சத்தமில்லாமல் நடந்த பல வருடப் பட்டறைகள் இருந்தன. நிதி கொடுப்பவர்கள் பதவியேற்பு மேடையைப் பார்த்து மயங்குகிறார்கள். செலவழிக்க வேண்டியது பட்டறைகளுக்கு.

பதிவு மேசையின் அருமையை வாக்களிப்பு ஆய்வுகளும் வேறு வழியில் உறுதிப்படுத்துகின்றன. ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலரை வீட்டுக்கே போய் நேரில் பார்த்து வாக்களிக்கச் சொன்னார்கள். சிலருக்குத் தபால் அனுப்பினார்கள். சிலருக்குத் தொழில்முறை அழைப்பாளர்கள் போன் செய்தார்கள். நேரில் பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாகக் கூட்டியது, தபால் கொஞ்சம் கூட்டியது, போன் அழைப்புக்குப் பலன் தெரியவில்லை. அந்தத் தேர்தலில் வாக்களிக்கத் தூண்டப்பட்டவர்கள் அடுத்த வருடத் தேர்தலிலும் கூடுதலாக வாக்களித்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. வாக்களிப்பது ஒரு பழக்கம், முதல் முறை போய்விட்டால் அடுத்த முறை சுலபம். 2008இல் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சனும் டாட் ரோஜர்ஸும் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. “எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்” என்று மூன்று கேள்வி கேட்டதிலேயே வாக்குப்பதிவு சுமார் 4 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

இதைக் கவிதை அரங்கோடு பொருத்திப் பாருங்கள். நேருக்கு நேர் மனிதக் குரல் அங்கே இருக்கிறது. நண்பர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். முதல் முறை வாக்களிக்கப்போகும் வயதினர் கூட்டமாகக் கிடைக்கிறார்கள். தேர்தல் அதிகாரிகள் கனவில்கூட வரவழைக்க முடியாத கூட்டம் அது. இடைவேளையில் ஒரு தொகுப்பாளர் மேடையேறி அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பதில் சொல்லச் சொன்னால் போதும். ஐந்து நிமிடம் ஆகும். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் அந்த இடைவேளையில் நடப்பது புரவலர்களுக்கு நன்றி சொல்வது.

அப்புறம், தேர்தல் அலுவலகங்கள் தாங்களே நடத்தும் கவிதைப் போட்டிகள். ‘வாக்களிப்பது நம் கடமை’ என்ற தலைப்பைக் கொடுத்துவிட்டு, நூறு மாணவர்கள் அதே வரியை நூறு விதமாக எழுதுவதை வாங்கிக்கொண்டு, மூன்று பேருக்குப் பரிசு கொடுப்பது. விடை முன்பே தெரிந்த கேள்விக்குக் கவிதை எழுத முடியாது. கோஷம்தான் எழுத முடியும். பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். பங்கேற்பை உண்மையிலேயே விரும்பும் அமைப்பாளர், “யாருக்கும் ஓட்டுப் போடப்போவதில்லை, ஏன் தெரியுமா?” என்று தொடங்கும் கவிதைக்கும் மேடையில் இடம் கொடுத்தாக வேண்டும். வாக்களிக்க மறுப்பதற்குக் காரணம் சொல்பவர், காரணமே யோசிக்காமல் வாக்களிப்பவரைவிட அரசியலுக்கு நெருக்கமாக இருக்கிறார் என்பது என் எண்ணம். தெலுங்குப் பாடகர் கத்தர் பல பத்தாண்டுகள் தேர்தலே ஏமாற்று என்று சொன்ன இயக்கத்தின் மேடைகளில் ஆடிப் பாடியவர். லட்சக்கணக்கான இளைஞர்களை அந்தப் பாட்டு அரசியலுக்குள் இழுத்தது. வாக்குச்சாவடிக்கு வெளியே இருந்த அரசியல் அது. அவரே 2018 டிசம்பரில், எழுபதை நெருங்கும் வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தார். பங்கேற்பு என்பதை ஒரு நாள், ஒரு பொத்தான் என்று சுருக்கிக்கொண்டால் இந்த மாதிரியான பயணம் எதுவும் கணக்கில் வராது.

கட்சி சாராமை என்பதிலும் இதே சிக்கல் உண்டு. அரசுப் பணமோ அறக்கட்டளைப் பணமோ வாங்கும் நிகழ்ச்சி ஒரு கட்சிக்காகப் பிரச்சாரம் செய்யக் கூடாது. பல நாடுகளில் அது சட்டம், நியாயமும்கூட. ஆனால் ‘கட்சி சாராமல்’ என்பதை ‘அரசியல் பேசாமல்’ என்று புரிந்துகொண்டு, விலைவாசி, போலீஸ், சாதி, இனம், வேலையின்மை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மரம் நடுவதையும் புன்னகைப்பதையும் மட்டும் விட்டுவைக்கும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். மாறாக, எந்த வேட்பாளரின் பெயரையும் சொல்லக் கூடாது, எந்தப் பிரச்சினையை வேண்டுமானாலும் பேசலாம் என்று ஒற்றை விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலான தகராறு தீர்ந்துவிடும்.

தரவு தெரிந்த கவிதைக்கும் தெரியாத கவிதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். 2011 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ‘யூத் ஸ்பீக்ஸ்’ அமைப்போடு சேர்ந்து, இளைஞர்களிடம் பரவிவந்த இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றிக் கவிதைகள் உருவாக்கினார்கள். ‘இனிப்பைக் குறையுங்கள், ஓடுங்கள்’ என்று அறிவுரை சொல்வது நோக்கம் இல்லை. மருத்துவர்கள் உண்மைகளைக் கொடுத்தார்கள். அவற்றைக் கவிஞர்கள் தங்கள் தெருவோடு பொருத்திப் பார்த்தார்கள். ஏழை வட்டாரங்களில் எந்த உணவு மலிவு, எந்தப் பானத்துக்கு விளம்பரம், நடப்பதற்குப் பாதுகாப்பான இடம் எங்கே என்று கேள்விகள் திரும்பின. தனிமனிதரின் குற்றமாகப் பேசப்பட்ட ஒரு நோய் கொள்கைப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. பிறகு அவை குறும்படங்களாகிப் பள்ளிகளுக்குப் போயின. பட்டறையில் இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால், உணர்ச்சி இருக்கும், முகவரி இருக்காது. ‘அமைப்பு’, ‘சமூகம்’, ‘அவர்கள்’ என்று யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத எழுவாய்களோடு கவிதை முடிந்துவிடும். “அவர்கள் யார், அவர்களுடைய அலுவலகம் எங்கே?” என்று பயிற்றுநர் கேட்கும் ஒரு கேள்வி போதும், அடுத்த வரைவு வேறு மாதிரி வரும்.

இந்த வடிவத்தின் பலவீனங்களையும் மறைக்க வேண்டியதில்லை. மதிப்பெண் கூட்டத்தைச் சேர்க்கும். அதே சமயம் வலியை விலைபேசவும் வைக்கும். எந்தக் கவிதை அதிக மதிப்பெண் வாங்குகிறது என்று பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: தன் உடலில், தன் குடும்பத்தில் நடந்த மிகக் கொடுமையான சம்பவம். விளிம்புநிலை அடையாளத்தை ‘உண்மையாக’ நிகழ்த்திக் காட்டுவதற்கு ஸ்லாம் பரிசு கொடுக்கிறது என்று ஆய்வாளர் சூசன் சோமர்ஸ்-வில்லெட் 2009இலேயே எழுதினார். பதினாறு வயதுப் பெண் தன் காயத்தைத் திறந்து காட்டி 28.4 வாங்குவதும், அடுத்து வந்தவர் 28.9 வாங்குவதும் யாருக்கும் நல்லதில்லை. அரசியல் பங்கேற்பு நோக்கம் என்றால் போட்டியைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம் என்றே நினைக்கிறேன். போட்டி ரசிகர்களை உருவாக்குவதில் கெட்டி. ஒன்றாக வேலை செய்யப்போகிறவர்களுக்கு அது தேவையில்லை. குழுவாக எழுதும் கவிதை, ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் கவிதையாலேயே மறுப்புச் சொல்வது போன்ற ஏற்பாடுகள் அதே விறுவிறுப்பைத் தரும். அத்தோடு, தன் துயரத்தைச் சொன்ன பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்போது பேச்சுத் துணைக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். பயிற்றுநருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் உருவாகும் நெருக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து எந்த இளைஞர் கலை அமைப்பிலும் உண்டு. அதற்கான விதிகள் எழுத்தில் இல்லாத அமைப்பிடம் பிள்ளைகளை அனுப்பக் கூடாது.

மேடையிலிருந்து அதிகாரத்தின் மேசை எவ்வளவு தூரம் என்பதை சூடான் காட்டியது. 2019 ஏப்ரலில் கார்ட்டூமில், ராணுவத் தலைமையகத்தின் முன்னால் திரண்டிருந்த கூட்டத்தின் நடுவே, ஆலா சாலா என்ற 22 வயது மாணவி கார் ஒன்றின் மேல் ஏறி நின்று கவிதை சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் ‘தௌரா’, புரட்சி என்று பதில் கொடுத்தது. வெள்ளை ஆடையில் கையை உயர்த்தி நின்ற அந்தப் படம் உலகம் சுற்றியது. சில நாட்களில் ஒமர் அல்-பஷீரின் முப்பது வருட ஆட்சி விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சாலா ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசினார். அங்கே அவர் சொன்னது வெற்றிக் கதை இல்லை. தெருவில் முன்வரிசையில் நின்ற பெண்கள் பேச்சுவார்த்தை மேசையிலும் இடைக்கால அரசிலும் ஓரங்கட்டப்பட்டார்கள் என்ற முறையீடு. பிறகு 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. சதுக்கத்தை நிரப்பும் வேலையைக் கவிதை அபாரமாகச் செய்யும். நாற்காலிகளைப் பங்கிடும் அறைக்குள் யார் போவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அந்த அறைக்கு வழி போட்ட கலை முயற்சி ஒன்று நாடகத்திலிருந்து வந்தது. கவிதைக்காரர்கள் கடன் வாங்கத் தகுந்தது. பிரேசிலின் அகஸ்டோ போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோவின் நகரமன்ற உறுப்பினராக இருந்தார். நாடகக் குழுக்களை அவர் நகரம் முழுக்க உருவாக்கினார். மக்கள் தங்கள் பிரச்சினையை நடித்துக் காட்டுவார்கள்; பார்வையாளர் மேடையேறித் தீர்வை நடித்துக் காட்டலாம். அதை ஒருவர் குறிப்பெடுப்பார், வழக்கறிஞர்கள் மசோதாவாக எழுதுவார்கள், போவால் மன்றத்தில் தாக்கல் செய்வார். அப்படி 13 சட்டங்கள் நிறைவேறின. நகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் நலனுக்கான சிகிச்சை ஏற்பாடு அவற்றில் ஒன்று. இங்கே குறிப்பெடுப்பவர் என்ற பாத்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கவிதை இரவில் முப்பது பேர் பேசுகிறார்கள் என்றால், முப்பதிலும் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை எது, அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று எழுதுவதற்கு ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்தால், மறுநாள் காலையில் மனு தயாராக இருக்கும்.

வாக்களிக்கும் வயது வராதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறையை 2014இல் பாஸ்டன் நகரம் இளைஞர்களுக்கென்றே நடத்தியது: பத்து லட்சம் டாலர், அதை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களே யோசனை சொல்லி வாக்களித்தார்கள். மூன்று நிமிடத்தில் அந்நியர்களைச் சம்மதிக்கவைக்கத் தெரிந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேசும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேசிலிலும் ஆஸ்திரியாவிலும் 16 வயதிலேயே வாக்குரிமை உண்டு. மற்ற இடங்களில் பள்ளி மன்றம், உள்ளாட்சிக் கூட்டம், தகவல் உரிமை மனு, கையெழுத்து இயக்கம் என்று வயது கேட்காத வாசல்கள் இருக்கின்றன. பட்டறை தொடங்கும்போதே உள்ளூரில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று அமைப்பாளர் விசாரித்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, பேசியதற்கு விலை கொடுக்க நேரலாம் என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்கக் கூடாது. மாஸ்கோவில் 1958இல் கவிஞர் மயாகோவ்ஸ்கியின் சிலை திறக்கப்பட்டதும் இளைஞர்கள் அதன் அடியில் கூடிக் கவிதை சொல்லத் தொடங்கினார்கள். 1961க்குள் வாசிப்புகள் நசுக்கப்பட்டு, அமைப்பாளர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். அதே சிலையடியில் 2022 செப்டம்பரில் உக்ரைன் போரை எதிர்த்துக் கவிதை சொன்ன அர்த்யோம் கமார்டினுக்கு அடுத்த வருடம் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இஸ்ரேலில் பாலஸ்தீனக் கவிஞர் தாரீன் தத்தூர், இணையத்தில் பதிவேற்றிய கவிதைக் காணொளிக்காகவும் சில பதிவுகளுக்காகவும் 2018இல் ஐந்து மாதத் தண்டனை பெற்றார். கவிதை தொடர்பான குற்றத்தீர்ப்பை மேல்நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. அதற்குள் தண்டனைக் காலம் முடிந்திருந்தது.

எனவே மேடையில் சொல்வதும் காணொளியாக வெளியிடுவதும் தனித்தனி முடிவுகளாக இருக்கட்டும். அரங்கில் நூறு பேருக்குச் சொன்னதை இணையத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமா, சொந்தப் பெயரிலா புனைபெயரிலா, முகம் தெரியலாமா என்பதை நிகழ்ச்சி முடிந்து சில நாட்கள் கழித்து, கைதட்டலின் சூடு ஆறிய பிறகு, அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். பின்னால் வேலைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது இடைஞ்சலாகத் தோன்றினால் காணொளியை நீக்கும்படி கேட்கும் உரிமையையும், யாரிடம் கேட்பது என்ற தொடர்பு விவரத்தையும் அனுமதிப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.